ஒரு சாண் உயரத்தில்

ஏப்ரல் கடைசியில் யாரும் எதிர்பாராமல் இரண்டு இரவு விழுந்த உறைபனியில் கசான்லக் பள்ளத்தாக்கின் ரோஜாச் செடிகள் கருகி நிற்கின்றன. விரல் பட்டதும் மொட்டுகள் தேயிலைத் தூளாய் உதிர்கின்றன. ராட்கா ஈர மண்ணில் மண்டியிட்டுக் கிளையைக் கத்தரித்து, வெட்டிய முனையைப் பார்க்கிறாள். உள்ளே பழுப்பு. இன்னும் கீழே வெட்டுகிறாள், அங்கேயும் பழுப்பு. மார்ச்சில் நல்ல சகுனத்துக்கென்று அவள் கட்டிய சிவப்பு வெள்ளை நூலோடு அந்தக் கிளை மடியில் விழுகிறது. அவள் புருஷன் தோப்ரி டிராக்டரில் சாய்ந்து சாவியைச் சுழற்றிக்கொண்டிருக்கிறான். “செத்ததுக்கு முடி வெட்டிவிடுறியா? தள்ளு, உழுதுட்டு லாவெண்டர் வைக்கலாம்.” அவள் நிமிரவில்லை. “உங்கம்மாவும் என்னைப் பாத்து இது தேறாதுன்னுதான் சொன்னா. சும்மா இருய்யா.” தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கத்தரி மறுபடி நறுக்கென்கிறது. வெட்டுவாயில் மெல்லிய பச்சை வளையம், நடுவில் பால் வெள்ளை. அவள் நகர்ந்து வெயிலுக்கு வழிவிடுகிறாள். தோப்ரி வந்து குனிகிறான். அந்த ஈரத்தைக் கட்டைவிரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்க்கிறான். பிறகு டிராக்டர் சாவியை அவளுடைய மேலங்கிப் பையில் போட்டுவிட்டுக் கேட்கிறான்: “இன்னொரு கத்தரி எங்க வச்சிருக்க?”