ஏழாம் பக்கத்துப் பெயர்

முத்தரப்புக் கூட்டம் என்றால் மூன்று தரப்பும் பேசும் என்றொரு நம்பிக்கை நாட்டில் பரவிக் கிடக்கிறது. பொறுப்புள்ள யாராவது இதைத் திருத்தியாக வேண்டும். கல்லூரி பேசும். அரசாங்கம் பேசும். தொழில்காரர்கள் போண்டாத் தட்டு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் 2006 ஜூலையில், தாம்பரத்தில் நடந்த கூட்டத்துக்குப் பம்மலிலிருந்து கிளம்பிய தோல் பதனிடும் ஷெட் முதலாளி கரீம் பாய், பேசியே தீருவது என்ற முடிவோடுதான் ஷேர் ஆட்டோவில் ஏறினார்.

காரணம், அவர் கையிலிருந்த சின்னப் புத்தகம். அட்டையில் கல்லூரி, அரசு, தோல் உற்பத்தியாளர் சங்கம் என்று மூன்று முத்திரைகள். தோலைப் பதப்படுத்தி மிஞ்சும், மருந்து கலந்து பச்சை நிறமான தண்ணீரைச் சாக்கடையில் விடாமல், மணலில் வடிகட்டி, அடுத்த நாள் தோலுக்கே திரும்பப் போடும் முறை உள்ளே படத்தோடு இருந்தது. அது கரீமின் ஷெட்டில் பிறந்த முறை.

ஏழாம் பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள்: 'இம்முறையைக் கண்டறிந்தவர்: தி. ரத்தினபாய்.'

"யாரு இந்த ரத்தினபாய்?" என்று பல்லைக் கடித்தார் கரீம். "எந்தக் காலேஜ் டாக்டரம்மா? நம்ம சரக்கு, அந்தம்மா பேரா? நாளைக்கு ராணிப்பேட்டை, ஆம்பூர்னு எல்லா ஊருக்கும் செஞ்சு காட்ட கவர்மென்ட்டு யாரைக் கூப்பிடும்? அந்தம்மாவைத்தானே!"

பக்கத்தில் மாதிரித் தோல்கள் அடங்கிய பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த தொட்டியக்கா வாயைத் திறந்தாள்.

"பாய், அது இன்னான்னா..."

"நீ சும்மா இரு தொட்டியக்கா. நானே பேஜார்ல இருக்கேன். பையைக் கெட்டியாப் பிடி."

பதினோரு வருஷமாகத் தோல் ஊறும் தொட்டியில் வேலை பார்ப்பவள். மேஸ்திரி கூட்டிவந்த ஆள்; கூலியும் மேஸ்திரி கை வழியாகத்தான். இரண்டு கோடைக்கு முன்னால் லாரித் தண்ணீர் வராத ஒரு வாரத்தில், "இந்தத் தண்ணியக் கொட்ட வாணாம் பாய், வடிச்சுப் பாக்கறேன்" என்று சொன்னவளும் அவள்தான். போனில் பேசிக்கொண்டிருந்த கரீம், "சரி, பண்ணு" என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் கண்டுபிடிப்பு என்பது அவருடைய கணக்கு.

கூட்டத்தில் தொழில் துறை அதிகாரி முனிரத்தினம் வரவேற்புரையை முடிப்பதற்குள் கரீம் எழுந்துவிட்டார்.

"சார், ஊர்த் தண்ணியைக் கெடுத்தவன்னு பேப்பர்ல திட்டு வாங்கினது யாரு? நாங்க. வழி கண்டுபிடிச்சா மட்டும் பேரு வேற ஆளுக்கா?"

புத்தகத்தைத் தொகுத்த பேராசிரியர் குமரேசன் திகைத்தார். "கரீம் பாய், எங்க பசங்க ரெண்டு மாசம் உங்க ஷெட்லதான் இருந்தாங்க. அங்கே கேட்டு எழுதினதைத்தான் நான்..."

"என் ஷெட்ல என்னைக் கேக்காம யாரைக் கேட்டாங்க?"

"நீங்க எப்பவும் போன்ல இருந்தீங்களாம்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். கரீமின் குரல் இன்னும் ஏறியது.

"அந்த ரத்தினபாய் காலு என்னிக்காவது ஈரத்துல பட்டிருக்குமா? கையில ஒரு பச்சைக் கறை இருக்குமா? உழைக்கிறவன் ஒருத்தன், பேரு வாங்கறவ ஒருத்தி! இது அநியாயம் இல்லையா சார்?"

"அநியாயம்தான்!" என்றது பின்வரிசை. போண்டாத் தட்டோடு வந்தவர்கூட நின்று கேட்டார்.

சுவரோரம் நின்ற தொட்டியக்கா, "பாய்..." என்றாள். கரீம் திரும்பாமலே கையைக் காட்டி அடக்கினார்.

முனிரத்தினம் சமாதானத்துக்கு வந்தார். "உட்காருங்க பாய். தப்புன்னா அடுத்த பதிப்புல திருத்திடலாம். உழைச்சவங்க பேருதான் வரணும், எனக்கும் அதுல மாற்றுக் கருத்து இல்லை."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

"அப்படியே ஒரு சந்தேகத்தையும் தீர்த்து வைங்க. வடிச்ச தண்ணியில வெள்ளைத் துணியை நனைச்சு நிறம் பாக்கணும்னு போட்டிருக்கு. எந்த நிறம் வந்தா புது மருந்து சேர்க்கணும்? அது புத்தகத்துல இல்லை."

கரீம் தொண்டையைச் செருமினார். பதினோரு வருஷப் பழக்கம் அவர் தலையைத் தானாகப் பின்னால் திருப்பியது.

"தொட்டியக்கா, சாருக்குச் சொல்லு."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"துணி காயறதுக்கு முன்னாடி பாக்கணும் சார். வேப்பங்கொழுந்து மாதிரி வெளுத்துக் கீதுன்னா மருந்து போடணும். முத்தின இலை மாதிரி இருந்தா வாணாம். மழை நாள்ல மட்டும் ரெண்டு தபா நனைச்சுப் பாக்கணும், ஒரு தபா பாத்தா ஏமாத்திடும்."

நகக்கண் வரை பச்சை ஏறிய விரல்களை விரித்து, துணியைப் பிழியும் விதத்தையும் காட்டினாள். பேராசிரியர் அவசரமாகப் பேனா தேடினார். முனிரத்தினம் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

"பிரமாதம்மா. யார் சொன்னதுன்னு இதையும் போட்டுடறேன். உங்க பேரு?"

அவள் ஒருமுறை கரீமைப் பார்த்தாள்.

"ரத்தினபாய் சார். எங்கப்பா பேரு திரவியம்."

போண்டா ஆறியது.

பம்மலுக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவில் ரத்தினபாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மாதிரித் தோல் பை கரீமின் மடியில் இருந்தது.