வெள்ளைத் துணிக்குப் பின்னால்

"ஜெர்மன் பேய்ப்படத்துக்கு ஈடில்ல," என்று காலையில் சொன்னார் நஸீம். "அந்தப் பேய்க்குச் சிரிப்புத்தான் வருது. பம்பாய்க் கொள்ளைக்காரன்தான் ஆள். ஆனா ரெண்டு பேருக்கும் இடக்கை," என்றாள் அவர் மனைவி றலியா. "எல்லா நாட்டுக்காரனும் இடக்கையனா? கண்ண டாக்டருக்குக் காட்டு, புள்ள," என்றார் நஸீம். "பொம்பளைகள் பக்கம் வந்து பாருங்களேன்," என்றாள் றலியா.

இப்போது இரவு. மஹய்யாவ ஊரின் படக் கூடாரத்தில் பம்பாய் ஊமைச் சண்டைப்படம் ஓடுகிறது. தண்ணீர் தெளித்த வெள்ளைத் துணிக்கு முன்னால் ஆண்களின் பெஞ்சுகள், பின்னால் பெண்களின் பாய்கள். ஆர்மோனியம் விரைகிறது. துணியை ஊடுருவி வரும் வெளிச்சம் றலியாவின் முக்காட்டில் நடுங்குகிறது. நஸீம் துணியோரமாகப் பெண்கள் பக்கம் வந்து நின்று அண்ணாந்து பார்க்கிறார். ஆண்கள் பக்கம் கொள்ளைக்காரனின் வலக்கையில் இருந்த வாள் இங்கே இடக்கையில் மின்னுகிறது. நம்பாமல் தலையை அந்தப் பக்கம் நீட்டுகிறார், மறுபடி இந்தப் பக்கம் இழுக்கிறார். பாய்கள் முழுவதும் சிரிப்பு பரவுகிறது. "இவ்வளவு நாளும் எல்லாப் படத்தையும் இப்படித் திருப்பியா பார்த்த?" என்கிறார் மெதுவாக. "உன் கண்ணில பிழையில்ல." றலியா நிமிர்ந்து உட்காருகிறாள். கல்யாணமான நாள்முதல் நெஞ்சில் வைத்திருந்ததை, ஆர்மோனியத்தையும் மீறிக் கேட்கும்படி சொல்கிறாள்.

"அடுத்த படத்தை நான் முன்னால, உங்க பக்கத்தில இருந்து பார்க்கணும்."