அடியில் ஒட்டிய பெயர்

"பரலோகத்தின் முன்வரிசையில் இவருக்கென்று ஒரு நாற்காலி இப்போதே போடப்பட்டிருக்கிறது!" என்று போதகர் ஒலிபெருக்கியில் முழங்கினார்.

பூலோகத்தில் போட்டிருந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். அசைந்தால் மேடையில் குப்புற விழவேண்டியதுதான் என்று மளிகைக்கடைக்காரர் தலையைக் குனிந்து, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே இருந்தவர்கள் அதைப் பணிவு என்று நினைத்து உருகினார்கள்.

ஏழைக் குழந்தைகளுக்குப் பால் மாவு வழங்கும் ஞாயிற்றுக்கிழமை அது. மாதம் தவறாமல் இருபது டப்பா, அத்தனையும் அவர் கடையிலிருந்து.

போதகர் ஒரு டப்பாவை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"பாருங்க சபையாரே! மத்தவங்க ஒரு ட்யூப்லைட் கொடுத்தாலும் வெளிச்சமே தெரியாத அளவுக்குப் பேரு எழுதுவாங்க. நம்ம வள்ளல் எங்க ஒட்டியிருக்காரு? அடியில! யார் கண்ணுலயும் படாத இடத்துல!"

கைதட்டல் கூரையை எட்டியது. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை ஸ்டிக்கர். அதில் அவர் பெயர். மாதாமாதம் வழங்குவதற்கு முந்தின சனிக்கிழமை மாலை சரக்கறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரே உட்கார்ந்து ஒட்டுவார். உதவிக்கு வந்த மனைவியைக்கூட உள்ளே விட்டதில்லை. "இது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ள விஷயம்" என்று சொல்லிவிடுவார்.

வரிசையில் ஏழாவதாக வந்தவள் அவர் வீட்டிலேயே பாத்திரம் தேய்ப்பவள். தன் மகள் விட்டுப்போன பச்சைக்குழந்தையை வளர்க்கிறாள்.

"நம்ம வீட்டு ஆளுதான். கொடுங்க, கொடுங்க" என்று நாற்காலி ஆடாத அளவுக்குக் கையை அசைத்தார் வள்ளல். அவள் டப்பாவைக் கண்ணில் ஒற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அவர் வீட்டுப் பாத்திரம் கிடக்கிறதே என்று ஓடினாள்.

சட்டைப்பையில் போன் துடித்தது. மனைவி. எதற்கென்று அவருக்குத் தெரியும். ஏதாவது தீர்ந்துபோயிருக்கும், கடைச் சாவி கேட்பாள். ஓய்வுநாளில் கடையைத் திறப்பதில்லை என்பது அவர் கொள்கை; வீட்டில் உப்பு தீர்ந்தாலும் திங்கட்கிழமைதான். சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு போனின் கழுத்தை நெரித்தார்.

பாராட்டுப் பத்திரம், குழுவினரோடு விருந்து, விருந்துக்குப் பின் இன்னும் கொஞ்சம் பாராட்டு. அதற்குள் போன் ஒன்பது முறை துடித்து அடங்கியது. பத்தாவது அழைப்பைத்தான் எடுத்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றாள் மனைவி. "நம்ம பேரனுக்கு முடியலைங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று மாதக் குழந்தை கிடந்தது. மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு ஊசி. கடைக்காரரின் மகள் தரையில் உட்கார்ந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள். கூடவே வந்த போதகர், எங்கே வைப்பதென்று தெரியாமல் கண்ணாடி போட்ட பாராட்டுப் பத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"பால் மாவு கொடுத்ததும் வாந்தின்னு சொல்றாங்க" என்றாள் டாக்டர்.

"எங்க வீட்டு டப்பா நானே பொறுக்கி எடுத்தது டாக்டர். போன வாரம் வந்த புதுச் சரக்கு!" கடைக்காரர் திரும்பி, சுவரோரம் நின்ற வேலைக்காரியைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, கையைக் கழுவிட்டுத்தான் கலக்குனியா? பச்சப்புள்ள விஷயத்துல இப்படியா?"

"கழுவுனேன் முதலாளி" என்றாள் அவள். "வீட்டு டப்பா காலையிலயே தீந்துபோச்சு. பக்கத்துல ஒரு கடையும் தொறக்கல. அம்மா உங்களுக்குப் போன் போட்டுப் போட்டுப் பாத்தாங்க. புள்ள பசியில தொண்டை கட்டக் கத்துது. எனக்கு மனசு கேக்கல."

பைக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்தாள்.

"சர்ச்சுல கொடுத்ததுங்க. பிரிக்காத டப்பா. என் பேத்திக்கு நாளைக்குப் பாத்துக்கலாம்னு இதைக் கொடுத்துட்டேன்."

"ஆஹா! தன்னிடம் இருந்த ஒன்றையும்..." என்று போதகர் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார்.

"ஐயா, கொஞ்சம் சும்மா இருங்க" என்ற டாக்டர் டப்பாவை வாங்கி முகர்ந்தாள். முகம் சுருங்கியது. "இது எவ்வளவு பழசுன்னு எனக்கு உடனே தெரியணும். அதை வச்சுத்தான் மருந்து முடிவு பண்ணணும். தேதி எங்க போட்டிருக்கு?"

மனைவி மூடியைப் பார்த்தாள். போதகர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பக்கவாட்டில் இருந்த பொடி எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படித்தார். தேதி இல்லை. டாக்டர் டப்பாவைக் கவிழ்த்தாள்; அங்கே ஸ்டிக்கர் மட்டும் இருந்தது.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை டப்பா போயிருக்கு?"

"பத்தொன்பது" என்றார் போதகர். இன்னும் கொஞ்சம் பெருமை அந்தக் குரலில் மிச்சமிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழுகை நின்றிருந்தது. அழத் தெம்பில்லை. கடைக்காரர் பேரனைப் பார்த்தார். போதகரின் கக்கத்தைப் பார்த்தார். கடைசியில் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

"என் பேரைக் கிழிங்க டாக்டர். தேதி அதுக்கு அடியில இருக்கு."