பழகிப்போன சத்தம்

ஹோபார்ட் மருத்துவமனையில், மனச்சோர்வு பற்றிய ஆராய்ச்சிக்காக நரேலின் மூளையை ஸ்கேன் எடுத்து முடித்தாள் இமோஜன்.

“இந்த மெஷின் போடுற சத்தத்துக்கு எல்லாரும் நெளிவாங்க. நீங்க அசையவே இல்லையே.”

“அப்பா குடிச்சிட்டு வந்தா எங்க வீட்டுக் குளியலறைக் கதவு இதைவிடப் பலமா இடிபடும். நான் உள்ளே ஒடுங்கிக் கெடப்பேன். பழகிப்போச்சு.”

இமோஜனின் குரல் இளகியது. “சின்ன வயசுல பட்ட கஷ்டம் மூளைக்குள்ள இருக்குற இணைப்புகளை எப்படி மாத்துதுன்னுதான் பாக்குறோம். மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. சரியாயிடும்.”

“மாத்திரையா? அது எங்க அண்ணன் டேரிலுக்கு. வெளியே என் பையைக் காவல் காத்துக்கிட்டு உக்காந்திருக்கானே, அவன். நான் நோயாளிங்களோட ஒப்பிட்டுப் பாக்குறதுக்காக வந்தவ. எனக்கு ஒண்ணுமில்ல.”

“ஒரே வீட்டுலதானே வளந்தீங்க? உங்களுக்கு மட்டும் எப்படி ஒண்ணும் ஆகல?”

நரேல் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

“கதவுல இடிச்சது அப்பாவோட கை இல்ல. என்னை உள்ளே தள்ளிட்டு, வெளியே மறிச்சு நின்ன அண்ணனோட முதுகு. இந்த மூளை அவன் காப்பாத்திக் குடுத்தது. இன்னிக்காவது அவனுக்கு உதவுமான்னு பாருங்க.”