மறைத்துக் கொண்டுவரக் கூடாது

சட்டையைத் தூக்கியதும் வாசல் காவலர் தேவதாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த ஆளின் இடுப்பில், வேட்டி மடிப்புக்குள் ஒரு துப்பாக்கி இருந்தது.

"இவ்ளோதானா?" என்றார். "போன மாசம் வந்தவனாவது டிபன் கேரியர்ல, சாம்பார் சோத்துக்கு அடியில வச்சி எடுத்தாந்தான். உனக்கு அந்த அறிவுகூட இல்லியேய்யா."

 அந்த ஆளின் கழுத்தோரம் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

புதுச்சேரியின் அந்த அரசு அலுவலகத்தில், 'துப்பாக்கி முதலிய ஆயுதங்களை மறைத்துக் கொண்டுவரக் கூடாது' என்று பலகை மாட்டி ஆறு மாதம் ஆகிறது. அதற்காக வாங்கிய, உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மின்சாரக் கதவு, அரைஞாண் கொடிக்கெல்லாம் அலறியது. எனவே அதன் வயரைப் பிடுங்கிவிட்டு, தேவதாஸ், இராமதாஸ் இருவரின் கைகளைத் தினக்கூலிக்கு வைத்துக்கொண்டார்கள்.

கைகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, இயக்குநர் இளஞ்செழியன் மாதம் ஒருமுறை ஒரு புது ஆளிடம் பொம்மைத் துப்பாக்கி கொடுத்து அனுப்புவார். இன்று அந்த நாள். டீக்கடை வரைக்கும் தெரிந்த ரகசியம் அது.

பிடித்தால் தேவதாஸுக்கு வேலை நிரந்தரம், விட்டால் வீடு. போன மாதம் கோட்டைவிட்ட இராமதாஸ் இப்போது நோணாங்குப்பத்தில் படகுக்கு டிக்கெட் கிழிக்கிறார்.

"சரி, எந்த கேஸுன்னு சொல்லச் சொன்னாங்க?"

"ஒழவர்கரயில எங்க நெலம். மூணு வருசமா நடக்கறேன்," என்றான் அந்த ஆள். "டைரக்டரப் பாக்கணும்."

"போன மாசம் பென்சன், இந்த மாசம் நெலமா? சொல்லும்போது மூஞ்சியில கொஞ்சம் அழுகை வேணாமா? நடிக்கத் தெரியாதவனையெல்லாம் அனுப்பறாங்க."

தேவதாஸ் துப்பாக்கியை உருவிக் கையில் தூக்கிப் பார்த்தார். நல்ல கனம். "எப்பவும் சந்தையில விக்கிற பிளாஸ்டிக்குதான் குடுப்பாங்க. இந்தத் தடவ கவர்மென்ட்டு செலவு பண்ணிடுச்சி."

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது சுற்றறிக்கையில் தெளிவாக இருந்தது. காவலர் எக்காரணம் கொண்டும் வாசலை விட்டு நகரக் கூடாது. பிடிபட்டவரே, பிடிபட்ட பொருளோடு மாடிக்குப் போய் இயக்குநரிடம் காட்டி, சீட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். இதை எழுதி முடிக்க இயக்குநர் மூன்று கூட்டம் போட்டிருந்தார்.

'போலித் துப்பாக்கி ஒன்று. பிடித்தவர் தேவதாஸ்' என்று சீட்டு எழுதி, தன் பெயருக்கு மட்டும் அடிக்கோடு போட்டார் தேவதாஸ். பிறகு துப்பாக்கியை அந்த ஆளின் இடுப்பிலேயே செருகி, சட்டையை இழுத்துவிட்டார்.

"வெளிய தெரியாம எடுத்துட்டுப் போ. டைப்பிஸ்ட்டு பொண்ணுங்க பயந்துக்கும்."

வரிசையில் நின்ற பெண்மணி பொலின் மதாமுக்குப் பொறுக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தைத் திருத்த நான்காவது முறையாக வந்திருக்கிறார். அவருடைய நகவெட்டியைத்தான் தேவதாஸ் சற்று முன்பு பறிமுதல் செய்து மேசையில் வைத்திருந்தார்.

"ஏம்பா, அந்தாளு துப்பாக்கிய வச்சிக்கினு மேல போறான். என் நகவெட்டி இன்னா பாவம் பண்ணிச்சி?"

"அது நெஜ நகவெட்டி மதாம்," என்றார் தேவதாஸ்.

அந்த ஆள் படியருகில் நின்று திரும்பிப் பார்த்தான். "எந்த ரூமுங்க?"

"அதுகூட சொல்லி அனுப்பலியா? மாடியேறி எடது கைப் பக்கம் கடைசி ரூமு. கதவத் தட்டிட்டுப் போ. மாடு மாதிரி நொழஞ்சிடாத."

"ரொம்ப நன்றிங்க," என்று கும்பிட்டுவிட்டு அவன் படியேறினான். தேவதாஸ் நாற்காலியில் சாய்ந்து, நிரந்தர ஊழியரைப் போல ஒருமுறை கால் மேல் கால் போட்டுப் பார்த்தார். பொருத்தமாகத்தான் இருந்தது.

இன்டர்காம் அடித்தது. காலை இறக்கிவிட்டு எழுந்து நின்று எடுத்தார். இயக்குநரேதான்.

"இன்னாய்யா, தூங்கறியா?"

"இல்ல சார். ஆளப் புடிச்சி..."

"நான் பேசும்போது குறுக்க பேசாத. காலையிலேர்ந்து வெறப்பா நிக்கிறியாம், ப்யூன் சொன்னான். உன் மூளைக்கு எதையும் ஒரு நாள் முன்னாடி சொன்னாலும் புரியாது, அன்னிக்கே சொன்னாலும் புரியாது. அதான் நானே கூப்புட்டேன்."

"சார், மேல ஒரு ஆள..."

"திரும்பவும் பேசற பாரு. இரு, யாரோ கதவத் தட்டறாங்க." இயக்குநரின் குரல் ரிசீவரிலிருந்து சற்று விலகியது. "வாய்யா, உள்ள வா. கதவ சாத்திட்டு அப்படி நில்லு, பேசி முடிச்சிட்டு வரேன்."

கதவு சாத்தும் சத்தம் தேவதாஸுக்கும் கேட்டது. கையெழுத்து விழப்போகிறது என்று அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

குரல் மறுபடி பக்கத்தில் வந்தது.

"டெஸ்ட்டுக்கு வர்ற ஆளு இன்னிக்கி லீவுய்யா."