கோட்டைச் சுவர் எழுத்து

அரசர் காலத்துப் போரை வைத்துச் செய்த ஒரு வீடியோ கேமுக்காக, கோட்டைச் சுவரில் வரும் கல்வெட்டின் எழுத்துருவை இசக்கியப்பன் வரைந்திருந்தான். கல்லில் வெட்டுகிறவனுக்கு முதல் வரியில் இருக்கும் தெம்பு கடைசி வரியில் இருக்காதே என்று, கீழே போகப்போக எழுத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரவிட்டிருந்தான். எட்டு மாத வேலை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று முதலில் தானே சிரித்துவைத்தான்.

“வெட்டு குத்துக்கு நடுவுல செவுத்த யாரு சார் படிப்பா? கம்ப்யூட்டர்ல இருக்கற எழுத்தையே போட்டுடலாம்,” என்றாள் தயாரிப்பாளர் ரெபேக்கா. “இன்னிக்கு ஜெரால்டு ஆடட்டும். அவன் நின்னு பாத்தா உங்க எழுத்து இருக்கும்.”

சோதனைக்காக ஆடுகிற ஜெரால்டு, வேலைக்குச் சேர்ந்த கடிதத்தையே முழுதாகப் படித்தவனில்லை. இசக்கியப்பன் மனசுக்குள் மூட்டை கட்டிவிட்டான்.

ஜெரால்டு பாய்ந்தான், வெட்டினான், சுவரோரம் வந்து நின்றான். பின்னாலிருந்து பறந்து வந்த வேல் அவனைச் சாய்த்தது. மறுபடி ஆரம்பித்தான், அதே இடத்தில் மறுபடி செத்தான்.

“ஏன்டா எரும, அங்கயே போய் நிக்கற?”

“இத வெட்டுனவனுக்குக் கடைசி வரில கை வலிச்சிருக்கு மேடம். பாவம், ஒரு வாய் தண்ணி குடுத்திருக்கலாம்.”

இசக்கியப்பனுக்குக் கண் கலங்கியது. தும்மலைப் போல ஏதோ செய்து சமாளித்தான்.

“தள்ளு, பாப்போம்,” என்று ரெபேக்கா கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டு சுவரை நோக்கி ஓடினாள். மூன்றாம் வரியில் அவள் உதடுகள் மெல்ல அசையத் தொடங்கின. அவளுக்குப் பின்னால் ஒரு குதிரைப் படையே வந்துகொண்டிருந்தது. இசக்கியப்பன் அதைப் பார்த்தான், மூச்சு விடவில்லை.