வழி தெரியாதவள்

அம்மா மறுபடியும் தொலைந்துபோனாள்.

பஸ் டிப்போவிலிருந்து போன் வந்தபோது மகன் கிடங்கில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். பாதியில் போட்டுவிட்டு ஓடினான். இன்னொரு தடவை இப்படிப் போனால் வேலைக்கு வரவே வேண்டாம் என்று மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

டிப்போ பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். பயந்த மாதிரிகூடத் தெரியவில்லை. அதுதான் அவனுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

காரில் வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தான். எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டுமென்று எத்தனை முறை சொல்வது, இந்த நாட்டுக்கு வந்து இத்தனை நாளாகியும் நாலு வார்த்தை பேசத் தெரியவில்லையே, சின்னப் பிள்ளைகூடப் பழகிக்கொள்ளுமே என்று வாய்க்கு வந்தபடி. அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா போன பிறகு ஊரில் தனியாகக் கிடக்க வேண்டாமென்று அவன்தான் கூட்டிவந்தான். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் பொது வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தான் என்று அவளுக்குத் தெரியாது. மின்சார அடுப்பை அணைக்கத் தெரியாது. அவன் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக ஒவ்வொன்றாகக் கேட்பாள். சொல்லிக் கொடுத்தே அவன் ஓய்ந்துபோனான்.

அவன் மனைவி ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்க்கிறவள். "அத்தை மேல எனக்கு ஒரு கோபமும் இல்லைங்க. நாம ரெண்டு பேரும் இல்லாத நேரத்துல அடுப்பு பத்திக்கிட்டா யார் இருக்கா? பார்த்துக்க ஆள் இருக்கிற இடத்துல விட்டுடலாம்" என்றாள்.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் வேலை போய்விடுமென்ற பயம் அவன் வாயை அடைத்துவிட்டது. முதியோர் இல்லத்தில் பேசி முடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விட வேண்டும்.

அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கிக்கொண்டே சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தான். அம்மாவைக் காணோம். படியில் இறங்கி ஓடினான்.

துணி துவைக்கிற அறையில் அம்மாவின் குரல் கேட்டது. மூன்றாவது மாடிக்கு, தன் மகளோடு இருக்கப் புதிதாக வந்திருக்கும் தமிழ்ப் பெரியவருக்கு மெஷினை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணிக்கு எந்தப் பொத்தான், மார்க்கெட்டுக்கு எந்த பஸ், மாறி ஏறிவிட்டால் டிரைவரிடம் என்ன கேட்பது என்று எல்லாம் விளக்கினாள். அந்தக் கேள்வியை இந்த ஊர் மொழியிலேயே தடுமாறாமல் சொல்லிக் காட்டினாள்.

மகன் கதவோரமாக அப்படியே நின்றுவிட்டான்.

"உங்களுக்கு ஒண்ணுமே பிடிபடலன்னு உங்க மருமக லிஃப்ட்ல கவலைப்பட்டாங்களே. பையன்கிட்ட ஏம்மா தெரியாத மாதிரி இருக்கீங்க?" என்றார் பெரியவர்.

அம்மா ஈரத்துணியை உதறினாள்.

"தெரியும்னு சொல்லிட்டா, அப்புறம் என்கிட்ட பேச அவனுக்கு என்னங்க இருக்கு? இப்ப திட்டுறதுக்காவது என் பக்கத்துல உட்காருறான்ல."